டோஸில் தவறு நேர்ந்துவிட்டது, வேலையும் பதிவும் என்னாகும்?

கேள்வி:

பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருஷம் ஆகிறது. மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆறு நாள் முன்பு நைட் டியூட்டி. 26 பேஷன்ட்டுக்கு நானும் ஒரு டிரெய்னியும். ஒரு பேஷன்ட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் 12 யூனிட் ரேப்பிட் இன்சுலின். வார்டில் இன்சுலின் பென்னுக்கான ஊசி (பென் நீடில்) தீர்ந்துவிட்டது, சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும் இருந்தது. பென் கார்ட்ரிட்ஜில் (பென்னுக்குள் இருக்கும் மருந்துக் குழாய்) அந்தச் சிரிஞ்சைக் குத்தி 12 கோடு வரை எடுத்து 8.10-க்குப் போட்டேன். சார்ட்டில் 12 யூனிட் என்று எழுதினேன். 9.40-க்கு அவருக்கு வேர்த்துக் கொட்டி நினைவு தடுமாறியது. குளுக்கோமீட்டரில் 41. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றி ஐ.சி.யு.வுக்கு மாற்றினோம். அப்போதுதான் சிரிஞ்ச் தவறு புரிந்தது, டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பேஷன்ட் தேறி இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். குடும்பம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறது.

இன்சார்ஜ் சிஸ்டர், இன்சிடென்ட் ஃபார்ம் வேண்டாம், எம்.ஆர்.டி.யில் (மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவில்) ஃபைலை வாங்கி 'பேஷன்ட் சாப்பிட மறுத்தார்' என்று 8.10 என்ட்ரிக்குக் கீழே எழுதிவிடு என்கிறார். ஹெச்.ஆர்., வெள்ளிக்கிழமைக்குள் ரிசைன் பண்ணு, இல்லையென்றால் டெர்மினேட் செய்து நர்சிங் கவுன்சிலுக்கு எழுதி ரிஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணுவோம், 2 வருஷ பாண்ட் பணம் 50,000 கட்டினால்தான் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் என்கிறார். ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு பாஸ் பண்ணி பிரிட்டன் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு நர்ஸுக்குத் தண்டனை ஆனதை வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் வேலைக்கு வருவதற்கு முன் அந்தப் பேஷன்ட்டைப் பற்றி ஒன்று. அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்சுலின் டோஸ் என்ன எழுதியிருக்கிறது? சார்ட்டில் 12 யூனிட் என்று இருக்கிறது. 12 யூனிட்டுக்கே சர்க்கரை 41-க்கு இறங்கிவிட்டது என்று கன்சல்டன்ட் எடுத்துக்கொண்டிருந்தால் டோஸைக் குறைத்துத்தான் அனுப்பியிருப்பார். உண்மையில் உடம்புக்குள் போனது 30 யூனிட். குறைந்த டோஸோடு வீட்டில் இருப்பவருக்கு இந்நேரம் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கலாம். டியூட்டி டாக்டரிடம் அன்றிரவே சொன்னது நல்ல காரியம். அந்தத் தகவல் கன்சல்டன்ட் வரை போனதா என்று இன்றைக்கே நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு ஈமெயில் போட்டுக் கேளுங்கள். இரண்டு வரி போதும். பேஷன்ட்டுக்கு அது பாதுகாப்பு. நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதற்குத் தேதியோடு ஒரு பதிவும் ஆகிவிடும்.

30 யூனிட் எப்படி வந்தது என்று நீங்கள் கணக்காகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், விசாரணையில் கேட்பார்கள். நம் நாட்டில் வயலில் (சின்ன மருந்துக் குப்பியில்) வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச் சிவப்பு மூடி. பென் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 யூனிட், அதற்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு என்பது 0.3 மில்லி. அந்த 0.3 மில்லியை 100 யூனிட் மருந்திலிருந்து எடுத்தால் 30 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சிரிஞ்சில் கோடு 12 என்றுதான் காட்டும், எடுத்தவருக்கும் 12 எடுத்ததாகத்தான் தோன்றும். பக்கத்தில் நின்று பார்ப்பவரும் கோட்டை மட்டும் பார்த்தால் சரி என்றே சொல்லுவார். கார்ட்ரிட்ஜ் லேபிளையும் சிரிஞ்ச் மூடியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும் தவறு இது. இதுவே தலைகீழாக நடந்தால், 40 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் எடுத்தால், 12-க்குப் பதில் 4.8 யூனிட்தான் போகும். அது யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

பென் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி மருந்து எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் உங்கள் பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பென் நீடில் ஏன் இல்லை, வார்டு ஸ்டாக்கில் சிவப்பு மூடி சிரிஞ்ச் மட்டும் ஏன் இருந்தது, இன்சுலின் போன்ற ஹை ரிஸ்க் மருந்துக்கு இரண்டாவது நர்ஸ் சரிபார்க்க வேண்டும் என்ற விதிக்கு 26 பேஷன்ட் வார்டில் இரண்டாவது நர்ஸ் எங்கே என்பவை ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். உங்கள் ஆஸ்பத்திரிக்கு என்.ஏ.பி.ஹெச். (ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் ஹை ரிஸ்க் மருந்துப் பட்டியல், இரட்டைச் சரிபார்ப்பு, மருந்துத் தவறைப் பதிந்து காரணம் ஆராய்வது எல்லாம் அதன் நிபந்தனைகளிலேயே உண்டு. இன்சிடென்ட் ஃபார்ம் வேண்டாம் என்று இன்சார்ஜ் சொல்வது அவர்களுடைய சொந்த விதிக்கே விரோதம்.

இனி அந்த 8.10 என்ட்ரி. அதன் கீழே ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். இந்த முழுப் பதிலில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

நீங்கள் செய்தது தவறு. இன்சார்ஜ் செய்யச் சொல்வது குற்றம். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 336 போலி ஆவணம் தயாரிப்பது, 238 சாட்சியத்தை மறைப்பது. இப்போது உங்கள் மேல் இந்த இரண்டும் இல்லை, பேனாவை எடுத்தால் வந்து சேரும். அது நிச்சயம் மாட்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பேஷன்ட் தரப்பு எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்ட் காப்பி கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ ஒழுக்க விதி. புகார் கொடுத்த குடும்பம் காப்பியையும் ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். அவர்களிடம் இருக்கும் ஜெராக்ஸில் இல்லாத வரி ஒரிஜினலில் இருந்தால் அப்புறம் யாரும் இன்சுலினைப் பற்றிப் பேச மாட்டார்கள். குளுக்கோமீட்டர் தேதி, நேரத்தோடு ரீடிங்கை நினைவில் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் சார்ட் என்றால் யார் எப்போது திறந்தார் என்பது வரை பதிவாகும். டயட்டரியில் சாப்பாடு வாங்கிய கணக்கும் இருக்கும், பேஷன்ட்டின் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்.

இன்சார்ஜிடம் சண்டை வேண்டாம். "சிஸ்டர், ஃபைல் எம்.ஆர்.டி.க்குப் போய்விட்டது, நடந்ததை இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். அவர் சொன்ன தேதி, நேரம், வார்த்தை மூன்றையும் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். (வார்டிலேயே என்ட்ரி தவறு என்று அப்போதே தெரிந்தால் முறை வேறு: பழைய வரியின் மேல் ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் திருத்தம், தேதி, நேரம், கையெழுத்து. விட்டுப்போனதை 'லேட் என்ட்ரி' என்று தலைப்பிட்டு எழுதும் நேரத்தைப் போட்டு எழுதலாம். ஒயிட்னர் எந்தக் காலத்திலும் கூடாது. புகார் வந்து, ஃபைல் வார்டை விட்டுப் போன பிறகு அந்த வாய்ப்பும் முடிந்துவிட்டது.)

இன்சிடென்ட் ஃபார்மை நீங்களே கேட்டு வாங்கி நிரப்புங்கள். தராவிட்டால் அதே விவரத்தை வெள்ளைத் தாளில் எழுதி, சூப்பரின்டென்டென்டுக்கும் குவாலிட்டி பிரிவுக்கும் ஈமெயிலில் அனுப்புங்கள். ஆறு நாள் தாமதம் என்பதற்கு "ஃபார்ம் தேவையில்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது" என்ற ஒரு வரி போதும், பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். ரிப்போர்ட்டில் ஊகம், அபிப்பிராயம், மன்னிப்பு எதுவும் வரக் கூடாது. என்ன உத்தரவு, என்ன பொருள் கையில் இருந்தது, எத்தனை மணிக்கு என்ன செய்தேன், எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது, யாரிடம் சொன்னேன், என்ன சிகிச்சை என்பதோடு நிற்கட்டும்.

சேகரிக்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பாண்ட் காப்பி, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அந்த மாத டியூட்டி ரோஸ்டர், இன்சுலின் பற்றி உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் அதன் விவரம், பென் நீடில் கேட்டு வார்டிலிருந்து போட்ட இன்டென்ட் (ஸ்டோருக்கு எழுதும் கோரிக்கைச் சீட்டு) இருந்தால் அதன் தேதி. பேஷன்ட்டின் சார்ட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது அவருடைய அந்தரங்கம், அதையே தனிக் குற்றச்சாட்டாக்கிவிடுவார்கள். சார்ட் காப்பியை விசாரணையில் எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நர்சிங் ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அன்றிரவு 8 முதல் 10.30 வரையான பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி இன்றே ஈமெயிலில் கேளுங்கள். அவர்கள் அழித்துவிட்டால்கூட நீங்கள் கேட்டது நிற்கும்.

அடுத்து ஹெச்.ஆர். சொல்லும் வெள்ளிக்கிழமை.

ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்யும் அதிகாரம் எந்த ஆஸ்பத்திரிக்கும் இல்லை. புகார் எழுதலாம், அவ்வளவுதான். அதுவும் நீங்கள் ரிசைன் செய்தால் எழுத மாட்டோம் என்பது வாய்ப்பேச்சு. பேஷன்ட்டின் குடும்பமே நாளைக்குக் கவுன்சிலுக்கு எழுதினால் ஆஸ்பத்திரியால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே அந்தப் பயத்தை முன்னிட்டு ரிசைன் செய்வதில் அர்த்தம் இல்லை.

எதற்காக இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்? டெர்மினேட் செய்ய வேண்டுமென்றால் குற்றச்சாட்டு மெமோ கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். விசாரணை நடந்தால் நீடில் இன்டென்டும் ரோஸ்டரும் மேசைக்கு வரும். ராஜினாமாக் கடிதம் ஒன்று கிடைத்துவிட்டால் அத்தனையும் மிச்சம். குடும்பத்திடமும் "சம்பந்தப்பட்ட நர்ஸை நீக்கிவிட்டோம்" என்று சொல்லிவிடலாம்.

அதற்காக எந்த நிலையிலும் ரிசைன் செய்யவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே இனி நிம்மதியாக வேலை பார்க்க முடியாது என்று தோன்றினால், சம்பாதிக்கும் வயதில் வருஷக்கணக்காக வழக்கு வேண்டாம் என்று நினைத்தால், ரிசைன் செய்வதும் ஒரு நியாயமான முடிவே. ஆனால் அது வெள்ளிக்கிழமை மிரட்டலுக்காக இருக்கக் கூடாது. முதலில் கையில் வர வேண்டியவை: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி குறிப்பிட்ட சர்வீஸ் சர்ட்டிஃபிகேட், ரிலீவிங் ஆர்டர், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகள், பாண்ட் பணம் கோரவில்லை என்ற கடிதம், உங்கள் மேல் விசாரணை எதுவும் நிலுவையில் இல்லை என்ற ஒரு வரி. ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்பதைத் தாண்டி எதுவும் வேண்டாம். "எனது தவறுக்குப் பொறுப்பேற்று" என்று அவர்களே டைப் செய்து நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தாள் நுகர்வோர் கோர்ட் வரை உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாளே, "கட்டாயத்தின் பேரில் பெறப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்" என்று ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது மிகக் கஷ்டம்.

பாண்ட் 50,000 பற்றி. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ன்படி பாண்டில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கோர முடியும், அதுவும் கோர்ட் மூலம். அவர்களே உங்களை வெளியேற்றிவிட்டு, பாதியில் விட்டுப்போனாய் என்று பணம் கேட்பது எடுபடாது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைப் பணயமாக வைத்திருக்க எந்த உரிமையும் இல்லை. பட்டியல் போட்டு, ஏழு நாளுக்குள் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள். வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அதன்பின் போலீஸ் புகார்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று நினைக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-ன் கீழ் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். பல சிஸ்டர்களுக்கு இது தெரியாமலே கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள்.

நீங்கள் ரிசைன் செய்யாவிட்டால் ஷோகாஸ் நோட்டீஸோ (ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்பது) மெமோவோ வரும். பெரும்பாலும் 24 மணி நேரத்தில், 48 மணி நேரத்தில் பதில் என்று கெடு வைப்பார்கள். வாங்க மறுக்காதீர்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதி, நேரம் போட்டு வாங்கி, ஏழு நாள் அவகாசமும் ஆவணங்களும் கேட்டு உடனே எழுதுங்கள்: குடும்பத்தின் புகார், அன்றைய மருந்துச் சார்ட், ரோஸ்டர், ஹை ரிஸ்க் மருந்து பற்றிய ஆஸ்பத்திரியின் எழுத்து விதி, வார்டு ஸ்டாக் பதிவேடு. அவகாசம் மறுத்தாலும் பரவாயில்லை, கேட்ட கடிதம் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

விளக்கக் கடிதத்தில்தான் நம் சிஸ்டர்கள் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அழுதுகொண்டே எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "என் அஜாக்கிரதையால் பேஷன்ட்டின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டுவிட்டது. மன்னித்துவிடவும். நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." இந்த மூன்று வரியோடு விசாரணை முடிந்துவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டார், சாட்சியே தேவையில்லை என்று எழுதி முடிப்பார்கள். நடந்த விஷயத்தை ஒப்புக்கொள்வது வேறு, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வது வேறு. கீழ்க்கண்டது போல எழுதினால் பொய்யும் இல்லை, தற்கொலையும் இல்லை:

"மேற்படி தேதி இரவு 8.10 மணிக்கு 12 யூனிட் இன்சுலின் கொடுக்க உத்தரவு இருந்தது. வார்டில் பென் நீடில் இருப்பு இல்லை. 40 யூனிட் சிரிஞ்ச் மட்டுமே இருந்தது. கார்ட்ரிட்ஜிலிருந்து 12 கோடு வரை எடுத்துச் செலுத்தினேன். அந்த மருந்து 1 மில்லிக்கு 100 யூனிட் என்பதால் 30 யூனிட் சென்றுள்ளது என்பதைப் பேஷன்ட்டுக்குச் சர்க்கரை குறைந்த நிலையில் உணர்ந்தேன். உடனடியாக டியூட்டி டாக்டரிடம் நானே தெரிவித்தேன். சிகிச்சையில் உடன் இருந்தேன். அந்த ஷிஃப்டில் 26 நோயாளிகளுக்கு நானும் ஒரு பயிற்சி நர்ஸும் மட்டுமே இருந்தோம். இரண்டாவது சரிபார்ப்புக்குத் தகுதியுள்ள நர்ஸ் இல்லை. வேண்டுமென்றோ அலட்சியமாகவோ செயல்படவில்லை. இதற்குமுன் என் மீது இத்தகைய புகார் ஏதும் இல்லை."

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். இதற்குமுன் மெமோ வாங்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், பொய் சொல்லி மாட்ட வேண்டாம்.

விசாரணை நடந்தால் உடன் வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பு ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டப்பட வேண்டும். படிக்காமல் கையெழுத்து வேண்டாம், அன்றன்றைக்குக் காப்பி வாங்குங்கள். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டா என்று பாருங்கள். நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளுக்கான எழுத்து விதிகள்) பொருந்தும் பெரிய நிறுவனங்களில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், தாமதம் உங்களால் இல்லையென்றால் அதற்குமேல் 75 சதவீதம். வேலையை விட்டு நீக்கிவிட்டால் சமரசப் பிரிவு தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுப்பது முதல் படி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால் பழைய நண்பர்கள் சொல்லும் கெடுவை நம்பாமல் நீக்கிய அதே மாதத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரி அறக்கட்டளையின் பெயரில் நடந்தால், தர்ம ஸ்தாபனம் என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். அதைச் சட்ட உதவி வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது கவுன்சில். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் 1926-ஆம் வருஷச் சட்டத்தின்படி இயங்குவது. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்குத்தான். உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, நேரில் சொல்ல வாய்ப்புத் தராமல் அது நடக்காது. 2023-இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, அதில் மாநில ஆணையங்களும் உண்டு. ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தலைப்பைப் பாருங்கள். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அதைப் பொறுத்தது.

எங்கள் கணிப்பைச் சொல்கிறோம். ஒரே ஒரு டோஸ் தவறு, உள்நோக்கம் இல்லை, தானே முன்வந்து சொன்னார், பேஷன்ட் பிழைத்தார் என்ற ஃபைலும், சார்ட் திருத்தப்பட்டது என்ற ஃபைலும் எந்த ஒழுங்கு அமைப்பின் முன்னாலும் ஒரே மாதிரி பார்க்கப்படாது. முதலாவதில் எச்சரிக்கையோடு முடித்துவைக்க இடம் இருக்கிறது. இரண்டாவதில் உங்கள் பக்கம் பேச வருபவருக்கே வாய் எழாது.

ஒரு சின்ன விஷயம், நிறையப் பேரைக் கவிழ்த்தது: கவுன்சில் பதிவேட்டில் இருக்கும் முகவரி. படிக்கும்போது கொடுத்த ஹாஸ்டல் முகவரியோ மாறிப்போன வாடகை வீடோ அங்கே இருந்தால் நோட்டீஸ் அங்கே போய்த் திரும்பும், பதிலே வரவில்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள். இந்த வாரமே முகவரி, போன், ஈமெயில் மூன்றையும் புதுப்பியுங்கள். ரின்யூவல் தேதியையும் பாருங்கள். ரின்யூவல் விட்டுப்போன நிலையில் டியூட்டி பார்த்திருந்தால் இந்தத் தவறோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

போலீஸ் விஷயம். அமெரிக்க வழக்கு ரடோண்டா வாட் என்ற நர்ஸுடையது. 2017-இல் டென்னசி மாநிலத்தில் மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்துக்குப் பதில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் போட்டு பேஷன்ட் இறந்துவிட்டார். 2021-இல் லைசென்ஸ் போனது, 2022-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. அங்கே உயிரிழப்பு, சட்டமும் வேறு. உங்களுடையதை அதோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே பேஷன்ட் பிழைத்திருப்பதால் மரணம் பற்றிய பி.என்.எஸ். 106 எழவே எழாது. குடும்பம் போலீஸுக்குப் போனால் அதிகபட்சம் 125: காயத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் குற்றம் ஆகாது, மிகப் பெரிய அலட்சியம் இருக்க வேண்டும், சுதந்திரமான டாக்டர் கருத்து வாங்காமல் வழக்கை நகர்த்தக் கூடாது, வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது என்றது. தீர்ப்பு டாக்டர்களை வைத்துப் பேசியது, நர்ஸுக்காகவும் உங்கள் வக்கீல் அதே வாதத்தை வைக்கலாம். (இதைப் படிக்கும் மற்ற சிஸ்டர்களுக்கு: மரண வழக்கில் 106-இல் டாக்டருக்கு 2 ஆண்டு என்று உள்ள சலுகை, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அந்த வாசகத்தில் நர்ஸ் வரவில்லை, நர்ஸுக்கு 5 ஆண்டு வரை என்ற பொது விதிதான். இது அநியாயம். நர்சிங் சங்கங்கள் பேச வேண்டிய விஷயம்.) சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வா என்று போனில் கூப்பிட்டால், பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179-ன்படி பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் வக்கீலோடு போங்கள்.

நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு கெடு உண்டு. அதில் முதலில் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி, தன் ஊழியர் செய்ததற்கு அதுவே பொறுப்பு. ஆஸ்பத்திரியின் இண்டெம்னிட்டி (இழப்பீட்டு) இன்சூரன்ஸில் நர்ஸுகளும் அடங்குகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

குடும்பத்திடம் போன் செய்து மன்னிப்புக் கேட்க உங்களுக்கு மனது துடிக்கும். கேட்க வேண்டியதுதான், ஆனால் கன்சல்டன்ட்டும் நிர்வாகமும் உட்கார்ந்து நடந்ததை விளக்கும்போது, அவர்கள் முன்னிலையில். தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே வரும். நர்சிங் குரூப்களிலும் இதைப் பற்றி ஒரு வரி போடாதீர்கள்.

பிரிட்டன் கதவு மூடிவிடவில்லை. அங்கே பார்ப்பது கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் (பதிவு நல்ல நிலையில் இருக்கிறது என்ற சான்று), ஒழுங்கு நடவடிக்கை, கிரிமினல் வழக்கு. ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கும் மெமோ கவுன்சில் நடவடிக்கை ஆகாது. விண்ணப்பத்தில் என்ன கேள்வி கேட்டிருக்கிறதோ அதை வார்த்தைக்கு வார்த்தை படித்து, கேட்டதற்கு உண்மையான பதில் சொல்லுங்கள். இந்த ஒன்றரை வருஷத்தை மறைத்துப் பழைய ஆஸ்பத்திரியை மட்டும் காட்டலாம் என்று ஏஜென்ட் யோசனை சொல்லுவார், கேட்காதீர்கள். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தேதியும் பதவியும் சரிபார்க்கிறார்கள், மறைத்தது தெரிந்தால் அங்கும் சிக்கல். தவறு நடந்தது, சொன்னேன், இதைக் கற்றேன் என்று பேசக்கூடியவரை இன்டர்வியூவில் மதிப்பார்கள். அதற்குத் துணையாக இப்போதே மருந்துப் பாதுகாப்பு பற்றிய ஒரு தொடர்கல்வி வகுப்பை முடித்து சர்ட்டிஃபிகேட் வாங்குங்கள். கவுன்சிலில் காட்டவும் உதவும்.

ஆறு நாளாகத் தூக்கம் இல்லை என்கிறீர்கள். மருந்துத் தவறுக்குப் பிறகு நர்ஸுக்கு வரும் இந்த நிலை உலகம் முழுக்க அறியப்பட்டது. 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ஹெச்.ஆரைப் பார்க்கும் முன் ஒரு ராத்திரியாவது தூங்கிவிட்டுப் போங்கள்.

வெள்ளிக்கிழமை தனியாகப் போக வேண்டாம். அப்பாவையோ அண்ணனையோ உள்ளே விட மாட்டார்கள் என்றாலும் வெளியே உட்காரவையுங்கள். முந்தின நாளே ஒரு ஈமெயில் போகட்டும்: "ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. சம்பவம் பற்றிய எழுத்துபூர்வ விளக்கம் தரத் தயாராக இருக்கிறேன். என் மீது குற்றச்சாட்டு இருந்தால் எழுத்தில் தரவும்." உள்ளே போனதும் எந்தத் தாளை நீட்டினாலும், "காப்பி கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டுத் திங்கள்கிழமை பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். பேனா கொண்டுபோக வேண்டாம்.